லௌபனுக்குக் கீழே ஒரு குளிர்காலம்

நவம்பர் 2, ஞாயிறு

இன்று குர்டன் மலைக்குப் போகவில்லை. சுவிஸின் பேர்ண் நகரத்தைப் பனிப்புகார் மூடிவிட்டால் உடனே கமராவைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுவது என் பத்து வருடப் பழக்கம். யூரா மலைக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவில் குளிர்காற்று தேங்கி நிற்கும், அதன்மேல் வெப்பக்காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்துவிடும். கீழே நாள்கணக்கில் சாம்பல் நிறம். 858 மீற்றர் உயரத்தில் நின்றால், பல நாட்களில், நீல வானமும் வெள்ளைக் கடலும் அதற்கப்பால் யுங்ஃப்ராவ் சிகரமும். அழகுதான். ஆனால் என்னிடம் உள்ள அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்த வருடத்துப் படம் என்று எனக்கே தெரியவில்லை.

இந்தக் குளிர்காலம் கீழேயே நிற்கப் போகிறேன். பழைய நகரத்தின் லௌபன்கள் மட்டும். வீடுகளின் கீழ்த்தளத்தைக் குடைந்து விட்டதுபோல, தூணும் வளைவுமாக ஓடும் நடைபாதைகள் அவை. எல்லாத் தெருவிலும் உள்ளதைச் சேர்த்தால் 6 கிலோமீற்றர் வரும். பனி பெய்தாலும் குடை விரிக்காமல் நடக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

கலரில் எடுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. 1405 ஆம் ஆண்டுப் பெருந்தீயில் மரவீடுகள் எரிந்துபோனபின் இந்த நகரம் மணற்கல்லுக்கு மாறியது. பச்சை கலந்த சாம்பல் நிறக் கல். வெயிலில் அந்தப் பச்சை கண்ணுக்கு இதமாக இருக்கும். புகாரில் அப்படி இல்லை. தெருப்பக்கமிருந்து நீல வெளிச்சம், கடைக் கண்ணாடியிலிருந்து மஞ்சள் வெளிச்சம், நடுவில் தூண்கள் காய்ச்சல்காரன் முகம்போல நிற்கின்றன. ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் கெடுகிறது.

சரி, கறுப்பு வெள்ளை. இல்ஃபோர்ட் எச்பி5 பிலிம். உள்ளே வெளிச்சத்தை அளந்தால், பிலிமின் ஒளியுணர்வு 400 இல், லென்ஸை எஃப்2 வரை திறந்தும், 1/30 செக்கன்தான் கிடைக்கிறது. தூண் அசையாது, மனிதர்கள் அசைவார்கள். அதனால் 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டப் போகிறேன். 1/125 கிடைக்கும். நிழலில் விவரம் குறையும், படம் மணிமணியாகத் தெரியும். இந்தக் கல்லுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

வெங்காயச் சந்தை. நவம்பரின் நாலாவது திங்கள் என்பதால் லீவு போட்டுவிட்டு, இருட்டோடு இருட்டாகப் போனேன். சடைசடையாகப் பின்னிய வெங்காயம், சூடான வைன், லௌபன் முழுக்க வர்ணக் காகிதத் துண்டுகள்.

சடை பின்னிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்ணிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். இங்கே சிவில் சட்டத்தின் 28 ஆவது பிரிவு ஒருவரின் ஆளுமையைக் காக்கிறது, அவருடைய உருவத்தின் மீதான உரிமையும் அதற்குள் அடங்கும். ஆனால் நான் சட்டத்துக்காக மட்டும் கேட்பதில்லை. கேட்காமல் எடுத்த முகங்களை என்னால் நீண்ட நேரம் பார்க்க முடிவதில்லை. முகம் வேண்டாம், கையை எடு என்றார். மண் ஏறிய, வெடித்த விரல்கள். ஆறு படம் எடுத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

லௌபனை விட்டு வெளியே வந்து தெருவில் நின்று பார்த்தால்தான் கண்ணில் படுகிறது: பல வளைவுகளின் அடியில் சாய்வாகப் பதித்த இரட்டைக் கதவுகள். நிலவறைக்கு இறங்கும் வழி. 1536 இல் பேர்ண் வோ பிரதேசத்தைக் கைப்பற்றியபின் அங்கிருந்து வந்த வைன் பீப்பாய்கள் இவற்றுக்குள்தான் இறங்கின. வெனிஸ் தண்ணீரில் கிடக்கிறது, பேர்ண் வைனில் கிடக்கிறது என்று ஒரு பழைய சொல் உண்டு. இப்போது உள்ளே கடைகள், சிறு அரங்குகள்.

மாலை அப்பாவுடன் தொலைபேசியில் கதைத்தபோது இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்பிடி ஒரு கதவுக்குக் கீழதான் நான் ரெண்டு வருஷம் கோப்பை கழுவினனான்" என்றார். 1985 இல் வந்தவர். பேர்ணில் கோப்பை கழுவியது தெரியும். எந்த இடம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிராம்காஸ தெருவுக்குப் போனேன். ட்ராமில் வரும்போதே, கரடியைக் கண்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்றார். செரிங்கர் நீரூற்றின் மேலே கவசம் போட்டு, கொடி பிடித்து நிற்கும் கரடி. வந்த புதிதில் அவருக்குத் தெருப்பெயர் வாசிக்கத் தெரியாது. கூட வேலை செய்தவர் சொல்லிக் கொடுத்த அடையாளம் அது: கரடியிலிருந்து ஏழாவது கதவு.

எண்ணிக்கொண்டே நடந்தார். ஐந்தில் நின்று, திரும்பிப் போய், மறுபடி எண்ணினார். அப்போது மரக்கதவு, இப்போது இரும்பு. குனிந்து கையை வைத்துப் பார்த்தார்.

"பனிக்காலத்தில எல்லாக் கதவிலயும் பனி கிடக்கும். எங்கட கதவில மட்டும் நிக்காது. கீழ இருந்து வாற ஆவியில கரைஞ்சிடும்."

படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். மற்றவர்களிடம் கேட்பதுபோலவே கேட்டேன். "கதவை எடு" என்றார். கை கதவில் இருக்கும்போதே மூன்று படம் எடுத்தேன். குளிர்கிறது என்று கோப்பி குடிக்கப் போனோம். அங்கே முதலாளியைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, சவர்க்காரத்தில் வெந்துபோன விரல்களைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். நான் கமராவை வெளியே எடுக்கவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

பிலிம் கழுவினேன். ஐடி-11 என்ற கழுவும் கரைசல், 20 பாகை, 14 நிமிடம். அப்பாவின் ரோல் சுருளில் சரியாக ஏறாமல் ஓர் இடத்தில் ஒட்டிப் பிடித்துவிட்டது. மூன்றில் இரண்டு படம் போய்விட்டது. இருட்டுப்பைக்குள் அவசரப்பட்டிருக்கிறேன். குளியலறைத் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மிஞ்சிய ஒன்றில் கையும் கதவின் விளிம்பும் மட்டும். கூர்மையாக இருக்கிறது. நகத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய தழும்புகூடத் தெரிகிறது.

ஜனவரி 25, ஞாயிறு

இரவு முழுக்கப் பனி. ஆறரைக்கே கிராம்காஸ. துப்புரவு வண்டி இன்னும் வரவில்லை, ஒரு காலடி கிடையாது. கரடியின் தலைக்கவசத்தில் வெள்ளைத் தொப்பி. அங்கிருந்து எண்ணிக்கொண்டு நடந்தேன்.

ஏழாவது கதவில் மற்றக் கதவுகளில் உள்ள அளவு பனி இருந்தது. ஒரு படம் எடுத்தேன், ஒன்றே ஒன்று. 1/15 செக்கன், தூணில் சாய்ந்துகொண்டு.

பெப்ரவரி 8, ஞாயிறு

இரண்டையும் பிரிண்ட் போட்டு அப்பாவிடம் கொண்டுபோனேன். கையைப் பார்த்துத் தலையாட்டினார். பனி மூடிய கதவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இப்ப கீழ ஆக்கள் இல்லைப் போல."

அந்தப் படத்தைத் திருப்பித் தரவில்லை.