பிரஷ் கட்டருக்கு எந்த 2டி ஆயில், எந்தப் பெட்ரோல்?

எங்கள் தென்னந்தோப்பில் புல் வெட்ட 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்தான். இந்த எஞ்சினில் ஆயிலுக்கென்று தனி அறை கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேர்கிறது. அதனால் நல்ல ஆயில் வாங்கினால் மட்டும் போதாது, அதைச் சுமந்து போகிற பெட்ரோலும் சரியாக இருக்கணும்.

ஆயில் டப்பாவில் ஜேசோ எஃப்டி (ஜேசோ என்பது ஜப்பானியத் தரக் குறியீடு) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று தரம் ஏற ஏற கரி படிவது குறையும். டிசி-டபிள்யூ3 என்று போட்டது படகு மோட்டாருக்கானது. தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது. காற்றில் குளிரும் நம் மெஷினின் சூட்டுக்கு அது சரிப்படாது. பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலை இதில் கலக்கவே வேண்டாம்.

என் மெஷினின் கையேடு 1:50 கேட்கிறது, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 1:25 கேட்கும் மெஷினுக்கு 40 மில்லி. ‘ஒரு மூடி ஊத்துங்க’ என்பார்கள்; டப்பாவுக்கு டப்பா மூடி மாறும். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சுதான் கணக்குத் தப்பாது.

இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) கலந்த பெட்ரோல். அது என்ன செய்யும் என்று பார்க்க, வெட்டவெளியில் வைத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்தது. 10 கோட்டில் நிற்க வேண்டிய தண்ணீர் 30 பக்கம் ஏறியிருந்தது. எத்தனால் அத்தனையும் தண்ணீரோடு போய்விட்டது!

டேங்கில் ஈரம் சேர்ந்தாலும் இதே கதைதான். 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும்; எத்தனாலும் தண்ணீரும் அடியில் நிற்கும். உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். அந்த நிலையில் எஞ்சின் ஓடினால் ஆயில் இல்லாமல் ஓடுகிறது என்று பொருள். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ள அது போதும்.

ஆகவே அன்றைக்கு வேண்டியதை மட்டும் அன்றன்றைக்குக் கலக்கிறேன். வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன்; கார்புரேட்டரும் காலியாகிவிடும், அதன் ரப்பர் டயாபிரமும் எத்தனாலில் ஊறிக் கிடக்காது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை நல்ல இளம்பழுப்பாக இருக்கிறது, பிசுக்கு இல்லை.

அடுத்து சைலன்சர் வாயில் இருக்கும் பழைய கரியைச் சுரண்டி எடுக்கணும். எஃப்டி ஆயிலில் புதிதாக எவ்வளவு படிகிறது என்பது அடுத்த மழைக்காலப் புல் வெட்டி முடித்ததும் தெரியும்.