பட்டாளத்து மாமாவின் புல்லட்டும் மருமகனின் வலது காலும்

பட்டாளத்து மாமா மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து ஓய்வு பெற்று தக்கலைப் பக்கம் வீடு கட்டியபோது உருப்படியாகக் கொண்டுவந்தது மூன்று: இரும்பு டிரங்குப் பெட்டி, கேன்டீன் கார்டு, பழைய 350 சிசி புல்லட். முதல் இரண்டும் அத்தை கைக்குப் போனது. புல்லட்டை மட்டும் கடைசிவரை யாருக்கும் தரவில்லை.

அதை உதைக்க முறை உண்டு. பெட்ரோல் டேப்பைத் திறக்கணும். இன்ஜின் ஆறிக் கிடந்தால் சோக்கை இழுக்கணும். சாவி போட்டு, ஹெட்லைட் மேலே உள்ள, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரைப் பைய மிதிக்கணும். முள் இடப்பக்கம் சாய்ந்து திரும்ப நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, இடது கையால், இன்ஜினுக்குள் அடைபட்ட அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே மிதி. கால் பாதியில் தயங்கினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங், முன்னால் தள்ளி இருந்தாலும் அதே அடிதான். அதனால்தான் அந்தப் பொறியை நேரம் பார்த்து விடும் பாயின்ட்டின் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ.க்குள் நிற்கிறதா என்று மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மிதிக்கும்போது ரெஜிமென்ட் முழக்கம் வேறு: "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!" இரண்டாவது கொல்லுக்குள் வண்டி பிடித்துவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் வெளியே ஓடிவந்து பார்ப்பார்கள்.

டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் சூடாகும் முன். பெண்பிள்ளைகள் மூன்று பேரும் முறைவைத்து டார்ச் பிடிக்கணும். வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை விரலால் உருட்டினால் சுழலணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டார்ச் ஆடினாலும் திட்டு விழும்.

குளச்சல் வெற்றித் தூணைக் காட்ட அத்தையைக் கூட்டிப் போவார். 1741-ல் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் அத்தை மீன் பேரம் பேசி முடித்திருப்பாள். திரும்பியதும் மாமா முதலில் செய்வது, நல்ல தண்ணீரில் ஸ்போக்கையும் ரிம்மையும் கழுவுவது. உப்புக்காற்றை ஒரு ராத்திரி விட்டுவைத்தால் குரோமியத்தில் புள்ளி விழும். அத்தைக்கு வேறு கவலை. இன்ஜின் அடிப்பாகம் மூச்சுவிடும் கிராங்க் கேஸ் பிரீதர் குழாய் செயின் பக்கம் எண்ணெய் துப்பும். செயின் இருப்பது இடப்பக்கம், அத்தை கால் தொங்கப்போடுவதும் இடப்பக்கம். எண்ணெய்க் கறை படாத சேலை அவளிடம் கிடையாது.

மாமா போன பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்தில் வாழையிலை தீர்ந்துவிட்டது. வெளியே நின்ற வண்டிகளை வழியடைத்து ஒரு வேன். மூத்த மருமகன் புல்லட் சாவியை எடுத்தார்.

"மாப்ளே, அதுக்கு கியர் வலது காலு, பிரேக்கு இடது காலு, பாத்துப் போங்க."

"தெரியும் அத்தே."

தலைக்குத் தெரிந்திருந்தது. காலுக்குத் தெரியவில்லை. வளைவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. இத்தனை வருஷமாகப் பழகிய வலது கால் "பிரேக்"கை மிதித்தது. அந்த வண்டிக்கு முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. ரெண்டில் போனது மூன்றுக்கு விழுந்தது. பதறி மறுபடி மிதித்தார், நாலு. அந்த வேகத்துக்கு நாலாவது கியரை இன்ஜின் தாங்காமல் குலுங்கி அணைந்தபோது, மனுஷன் மரச்சீனி விளைக்குள், அதாவது மரவள்ளித் தோட்டத்துக்குள், நின்றார். ஆட்டுக்கு ஒன்றுமில்லை. ஃபுட்ரெஸ்ட் வளைந்தது, நாலு மூடு மரச்சீனி சாய்ந்தது.

தள்ளிப் பார்த்தார்கள், கியரில் மாட்டி நின்றதால் அசையவில்லை. அத்தை வந்து கியர்பாக்ஸ் ஓரத்திலிருந்த சின்ன நெம்புகோலை மிதித்தாள். முதல் கியர் தவிர எதில் இருந்தாலும் நியூட்ரலுக்கு வந்துவிடும். விளைக்காரருக்குக் காசு கொடுத்து, சாய்ந்த மரச்சீனியைக் கையோடு எடுத்தும் வந்தாள்.

பிறகு ஆர்டிஓ ஆபீஸ். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தகவல், 3 மாதத்துக்குள் உரிமை மாற்றத்துக்கான படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் கோர்த்துக் கொடுத்து வண்டியை அத்தை பேருக்கு மாற்றியாச்சு. மருமகன் எப்போதாவது சாவி கேட்பார்.

"அதுக்கென்ன மாப்ளே, தாறேன். பாயின்ட் கேப் எவ்வளவுன்னு சொல்லுங்க."