ஃபுல் சிக்னல் காட்டுது, நெட் மட்டும் ஓடல: ஆபீஸுக்கு ஆக்சஸ் பாயிண்ட் போட்ட அனுபவம்

எங்க ஆபீஸ் ரெண்டு மாடி, கீழ குடோன். ஆளுக்கு ஒரு லேப்டாப் ஒரு போன், அதுபோக பிரிண்டர், கேமரா, கார்டு மெஷின்னு எல்லாமே நெட் கனெக்ஷனோட வந்த ஒத்த ரௌட்டர்லதான் தொங்கிட்டு இருந்துச்சு. மாடில வீடியோ கால் பேசுனா மூஞ்சி உறைஞ்சு போயிரும். ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கி சொருகுனா முடிஞ்சுதுன்னு ஆளாளுக்கு சொன்னாங்க, எனக்கு அதுல இஷ்டமே இல்ல, ஏன்னா ஒரே ரேடியோ இருக்குற ரிப்பீட்டர் சிக்னல வாங்குறதும் அதே சேனல்ல (வைஃபை ஓடுற அலைவரிசை), திருப்பி அனுப்புறதும் அதே சேனல்ல, கிடைக்குற ஸ்பீடுல பாதி அங்கயே காலி. அதனால மாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு, குடோனுக்கு ஒண்ணு, ஆக மூணு ஏபி (ஆக்சஸ் பாயிண்ட், கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையா பரப்புற டப்பா), எல்லாத்துக்கும் லேன் கேபிள் இழுக்குறதுன்னு முடிவு பண்ணேன்.

சுவத்துல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஏபிய ஏணி மேல தற்காலிகமா வச்சு, போன்ல வைஃபை அனலைசர் ஆப்ப போட்டுட்டு ஒவ்வொரு டேபிளா போய் நின்னு பாத்தேன். 5 கிகாஹெர்ட்ஸ்ல மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்ஜியத்துக்கு கிட்ட வர வர பலம் ஜாஸ்தி) கிடைச்சா கால் பேச தாராளம். குடோன்ல இரும்பு ரேக் ரெண்டு தாண்டுனா சிக்னல் மடமடன்னு விழுந்துச்சு, அதனால அங்க ஓரத்துல மாட்டாம நடு வழிக்கு நேர் மேல மாட்டுனோம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல ஒளிச்சு வச்சிரலாம், பாக்க அழகா இருக்கும்னு ஒரு பேச்சு வந்துச்சு, நான் விடல.

கரண்ட்டுக்கு தனியா வயர் இழுக்க வேணாம்னு பிஓஇ ஸ்விட்ச், அதாவது லேன் கேபிள்லயே கரண்ட்டும் அனுப்புற ஸ்விட்ச். இதுல ஒரு விஷயம் பாத்து வாங்குங்க. பிஓஇல 802.3ஏஎஃப்ங்குற ரகம்னா போர்ட்டுக்கு 15.4 வாட், 802.3ஏடின்னா 30 வாட், ஆனா எல்லா போர்ட்டும் ஒரே நேரத்துல அவ்ளோ குடுக்கும்னு அர்த்தம் இல்ல. மொத்த பட்ஜெட்னு ஒரு நம்பர் ஸ்பெக்ல சின்னதா போட்டிருப்பாங்க, அதைத்தான் பாக்கணும்.

எல்லாம் மாட்டியாச்சு, ஒரு மாடி ஏபி மட்டும் 90 சொச்சம் எம்பிபிஎஸ்ஸ தாண்டவே மாட்டேங்குது. சேனல் மாத்தி பாத்தாச்சு, ஃபர்ம்வேர் ஏத்தியாச்சு, ஒண்ணும் நடக்கல. ஸ்விட்ச் பேஜ திறந்தா அந்த போர்ட் ஜிகாபிட்ல (1000 எம்பிபிஎஸ்) இல்லாம 100ல லிங்க் ஆகி நிக்குது. ஜிகாபிட்டுக்கு கேபிள்ல இருக்குற 4 ஜோடி கம்பியும் வேணும், 100க்கு 2 ஜோடி போதும். டெஸ்டர் போட்டா 7வது லைட் எரியல, வெள்ளை ப்ரௌன் கம்பி ஜாக்குக்குள்ள முழுசா போகாம பாதிலயே நிக்குது. மத்த ஜோடில பவர் ஒழுங்கா போய் ஏபி ஜம்முனு ஆன் ஆனதால கேபிள் மேல யாருக்கும் சந்தேகமே வரல. அந்த முனைய வெட்டிட்டு புதுசா ஜாக் வச்சு அழுத்தி க்ரிம்ப் பண்ணதும் ஜிகாபிட் வந்துருச்சு.

அடுத்து செட்டிங். பழைய ரௌட்டர்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டேன், ஐபி குடுக்குற டிஹெச்சிபி அது ஒண்ணுதான், ஏபி எதுலயும் கிடையாது. மூணு ஏபிக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் 1, 6, 11ன்னு ஆளுக்கு ஒண்ணு, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5ல 40 வச்சேன், 80 வச்சா ஸ்பீடு டெஸ்ட்ல நம்பர் பெருசா வரும்தான், ஆனா பக்கத்து நெட்வொர்க்கோட மோதல் ஜாஸ்தி. ரேடாரும் பயன்படுத்துற சேனல் 52ல இருந்து 144 வரைக்கும் போட்டா ஏபி ரீபூட் ஆனதும் ரேடார் இருக்கான்னு கேட்டு பாக்க குறைஞ்சது 60 செகண்ட் எடுத்துக்கும், அதுக்குள்ள 5 கிகா வரலன்னு பதறாதீங்க.

பெரிய வித்தியாசம் வந்தது ஏபி சிக்னல் அனுப்புற பவர குறைச்சப்பதான். டப்பால இருந்து எடுக்கும்போது எல்லாம் ஹைல இருக்கும். ஏபி ஒலிபெருக்கில கத்துற மாதிரி கத்துது, போன் அதை கேட்டு ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா போன் திருப்பி முனகுறது ஏபிக்கு எட்டல. அதுவும் போக எந்த ஏபிய புடிக்கணும்னு முடிவு பண்றது போன்தான், குடோன் ஏபி மாடிலயும் பலமா கேட்டா போன் அதையே கட்டிக்கிட்டு அழும். 2.4ல லோ, 5ல மீடியம்னு வச்சதும் மாடி ஏறும்போதே கால் கட் ஆகாம மாற ஆரம்பிச்சுது. ஏபி விட்டு ஏபி சீக்கிரமா மாற வைக்குற 802.11ஆர் செட்டிங்க ஆன் பண்ணா இன்னும் வேகமா மாறும், ஆனா எங்க பழைய கார்டு மெஷின் கனெக்டே ஆகல, அதனால ஆஃப்.

வர்றவங்களுக்கு தனி விஎல்ஏஎன்ல (அதே கேபிள்லயே பிரிச்சு ஓட்டுற தனி நெட்வொர்க்) கெஸ்ட் வைஃபை. ஆரம்பத்துல கனெக்ட் ஆகுது ஐபி மட்டும் வரல, ஏன்னா ஏபி போற ஸ்விட்ச் போர்ட்ல அந்த விஎல்ஏஎன டேக் பண்ணணும் (அதோட நம்பரோட சேத்து அனுப்ப சொல்லணும்), ரௌட்டருக்கு போற போர்ட்லயும்தான். பிரிண்டர ஸ்டாஃப் நெட்வொர்க்லயே விட்டாச்சு, வேற விஎல்ஏஎன்ல போட்டா போன் தானா அதை கண்டுபிடிக்காது.

கடைசியா ஒரே ஒரு பழைய லேப்டாப்தான் பக்கத்துல ஏபி இருந்தும் தூரத்துல இருக்குறதையே புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டர் ப்ராப்பர்ட்டிஸ், அட்வான்ஸ்டு போனா ரோமிங் அக்ரசிவ்னஸ்னு (வேற ஏபிக்கு எவ்ளோ சீக்கிரம் மாறணும்ங்குறது) ஒண்ணு இருக்கும், மீடியம்ல இருந்து ஹைக்கு மாத்திட்டேன், இப்ப ஒழுங்கா மாறுது.