துணிப்பொதி கொடுத்து வாங்கிய நூலகம்

ஒரு பேச்சைக் கேட்பதற்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். அதுவும் பழைய நூலகங்களைப் பற்றிய பேச்சு. மரபு ஆர்வலர் சங்கம் ஒன்று ஏற்பாடு செய்த கூட்டம், வெள்ளிக்கிழமை மாலை. மெட்ரோ பள்ளங்களைச் சுற்றி ஆட்டோ போய்ச் சேர்வதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. முப்பது பேர் இருந்தால் அதிகம். மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன.

பேசியவர் ஓய்வு பெற்ற நூலகர். நான் உள்ளே நுழையும்போது அவர் 1661-இல் இருந்தார். புனித ஜார்ஜ் கோட்டையில் அப்போது விட்ஃபீல்டு என்று ஒரு பாதிரியார். படிக்கப் புத்தகம் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. கோட்டை வணிகர்களிடம் பேசிச் சரிக்கட்டி, ஒரு பொதி பருத்தித் துணியைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப வைக்கிறார். அங்கே துணி விற்கிறது. அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகங்கள் மதராசுக்கு வந்து சேர்கின்றன. இந்த ஊரின் முதல் ஆங்கில நூலகம் பிறந்தது இப்படித்தான்.

யோசித்துப் பார்த்தால் வேறு எப்படிப் பிறந்திருக்கும்? 1639-இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்திட்டைத் தேர்ந்தெடுத்ததே துணி இங்கே மலிவு என்பதால்தான்.

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். “அந்தப் பொதியை நெய்தவங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கா சார்?”

“பொதிக்குக் கணக்கு இருக்கும்மா. நெய்த ஆளுக்கு இல்லை” என்றார் அவர். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் டீ வந்தது.

தரங்கம்பாடி பற்றியும் சொன்னார். சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் அங்கே வந்து இறங்கி, தமிழ் கற்று, இரண்டே ஆண்டுகளில் தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதிவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. தன்னிடம் வேலை பார்த்த எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, கணவனை இழந்த பிராமணப் பெண்களிடம் சுவடிகளைச் சொற்ப விலைக்கு வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தச் ‘சொற்ப விலை’ எனக்கு உறுத்தியது. ஆனால் அந்தப் பெண்களிடம் இருந்த ஏடுகளை வேறு யார் அப்போது கேட்டு வந்தார்கள்?

மறுநாள் காலை கோட்டைக்குப் போனேன். சோதனையெல்லாம் தாண்டி உள்ளே போனால் புனித மேரி தேவாலயம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று வளைவாகக் கட்டிய தடிமனான கூரை. 1680-இல் திறந்தது. அதாவது கோயிலுக்குப் பத்தொன்பது வயது மூத்தது அந்த நூலகம். இப்போது அங்கே பார்க்கக் கிடைப்பதெல்லாம் கல்லறைக் கற்கள்தான். புத்தகம் தேடிப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து நுங்கம்பாக்கம். ‘காலேஜ் ரோடு’ என்றேன். “டபிள்யூ.சி.சி.யா சார்?” என்றார் ஆட்டோக்காரர். பெண்கள் கிறித்தவக் கல்லூரியைச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். சாலைக்குப் பெயர் கொடுத்தது அதற்கு ஒரு நூற்றாண்டு மூத்த இன்னொரு கல்லூரி: கும்பெனி அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்றுத்தர 1812-இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. எல்லீஸ் துரை இருந்த இடம். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே, 1816-இல் எழுதிக் காட்டியவர். கல்லூரி போய்விட்டது. பேர் மட்டும் ஆட்டோக்காரர் வாயில் மிச்சம்.

அதே 1812-இல் தொடங்கிய மெட்ராஸ் இலக்கியச் சங்கம் மட்டும் இன்றும் அங்கேயே, டி.பி.ஐ. என்று சொல்லும் கல்வித்துறை வளாகத்தில் இருக்கிறது. இப்போதுள்ள சிவப்புக் கட்டடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. உள்ளே நுழைந்ததும் தலை தானாக மேலே போகிறது. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், சாய்த்து வைத்த ஏணி, அரை லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள். சந்தா கட்டியவர்களுக்கான நூலகம் என்பதால் அந்தக் காலத்தில் யார் உள்ளே வந்திருப்பார்கள் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

மேசை மேல் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார்கள். தோல் அட்டை. முதுகுப் பக்கம் பிரிந்து, தைத்த நூல் வெளியே தெரிந்தது. பூச்சி துளைத்த ஓட்டை ஒன்று நாற்பது பக்கம் நேர்கோட்டில் போய், பிறகு என்ன தோன்றியதோ, சட்டென்று இடப்பக்கம் திரும்பியிருந்தது. “மெதுவா சார், அட்டையைப் பிடிச்சுத் தூக்காதீங்க” என்றார் அங்கிருந்த பெண். கையை எடுத்தால் விரலெல்லாம் செம்பொடி. பழைய தோல் இப்படித்தான் உதிருமாம். இந்த மாதிரிப் புத்தகங்களைச் சரிசெய்ய ஆகும் செலவை ஏற்றுக்கொண்டு ‘தத்தெடுக்கும்’ திட்டம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பூச்சி ஓட்டைப் புத்தகத்தை விட மனசில்லை. பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தையும் எட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் அது கன்னிமார் சாமி பேர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கவர்னர் பேர் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றம். 1896-இல் திறந்தது. அதன் மூலமோ அதைவிட வேடிக்கை. கும்பெனி ஆட்களைத் தயார் செய்த இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிப்போன புத்தகங்களை மதராசுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவற்றை வைத்து அருங்காட்சியகத்தில் கேப்டன் மிட்செல் தொடங்கிய சின்ன நூலகம்தான் இப்படி வளர்ந்தது. வெளியே படிக்கட்டில் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, 1857 பற்றி ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரயில் தாம்பரம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். என் வெள்ளைக் கைத்தறிச் சட்டையின் முழங்கை ஓரத்தில் அந்தச் செம்பொடி அப்பியிருந்தது. தட்டினேன், போகவில்லை.