அந்த மேசையில் சொல்லக் கூடாதது

புகலிடம் கேட்டு வருபவர்களின் நேர்காணல்களில் மொழிபெயர்ப்பாளராக உட்காரத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மேசை. ஒரு பக்கம் அதிகாரி, எதிரே விண்ணப்பதாரர், பக்கவாட்டில் நான். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும்; கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘என்னைக் கட்டிவைத்து அடித்தார்கள்’ என்று என் வாயால் சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போய்ப் பேச்சே வராமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

ஒரு பெண்ணின் நேர்காணல் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. கணவரைப் பிடித்துக்கொண்டு போனது மார்ச் மாதம் என்று முதல் விசாரணையில் சொல்லியிருந்தார். இரண்டாவதில் ஆண்டுக் கடைசி என்றார். எது சரி என்று அதிகாரி கேட்டார்.

“பெரியவன் நடக்கத் தொடங்கின மாசம். அது எந்த மாசம்னு தேதி பார்த்து வைக்கல.”

அதிகாரி அதே கேள்வியை மூன்றாவது முறையும் கேட்டார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்களேன் தம்பி.”

அறையில் பேசப்படும் எதுவும் விடுபடக் கூடாது என்பது விதி. என்னைப் பார்த்துச் சொன்னதையும் அதிகாரியின் மொழியில் அப்படியே சொன்னேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அந்த அதிகாரி கெட்டவர் அல்ல. சரிபார்ப்பது அவர் வேலை, பொய் சொன்னவர்களுக்கும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளையின் நடையை வைத்துக் காலத்தைக் கணக்கிடும் ஒரு தாயிடம் நாட்காட்டியை மட்டும் நம்புவோம் என்றால், அந்த நேர்காணலில் எதைத்தான் கண்டுபிடிக்கிறோம்?

மேசை வரை வந்து சேர்வதே அரிது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்குப்படி 2024 முடிவில் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள் சுமார் 12.3 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறார்கள். எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். லெபனான் போன்ற சிறிய, தள்ளாடும் நாடுதான் மக்கள்தொகைக்கு மீறிய பாரத்தைத் தூக்குகிறது. முகாமில் காத்திருந்து, வசதியான நாடு ஒன்றால் முறைப்படி அழைக்கப்பட்டு விமானம் ஏறுகிறவர்கள் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர்கூட இல்லை.

அகதிகளின் உரிமைகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1951 உடன்படிக்கை, ஆபத்து இருக்கும் இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, நம் எல்லையில் கால் வைத்தவருக்குத்தான். அங்கே வந்து சேர விசா கொடுங்கள் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விசா கிடைக்காதவர் படகு ஏறுகிறார். பிறகு ‘ஏன் படகில் வந்தாய்?’ என்றும் கேட்கிறோம். ஆகவே பணக்கார நாடுகள் இன்னும் அதிகம் பேரை ஏற்க வேண்டும் என்று நான் சொன்னால், முகாம்களிலிருந்தே அழைத்துவரும் இடங்களைப் பல மடங்காக்க வேண்டும் என்பதே அதன் முதல் பொருள்.

“எத்தனை பேரைத்தான் தாங்குவது?” என்று கூட வேலை செய்யும் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். வாடகை குறைந்த பகுதிகளில்தான் புதியவர்கள் குடியேற்றப்படுகிறார்கள். பள்ளியில் இடநெருக்கடி வந்தால் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏழைகளுக்குத்தான் வருகிறது. அந்தச் செலவை அரசு முன்கூட்டியே ஏற்காவிட்டால் கோபம் வருவது இயல்பு.

ஆனால் முடியாது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் ரஷ்யப் படைகள் நுழைந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இயற்றிவிட்டு அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தாத ஒரு சட்டத்தை மார்ச் 4 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நீண்ட விசாரணை இல்லாமலே தங்கவும் வேலை செய்யவும் உரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, 1979-80இல், வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் சுமார் 60,000 பேரைக் கனடா ஏற்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சாதாரணக் குடும்பங்களும் தேவாலயக் குழுக்களும் பொறுப்பேற்றன. மனம் வந்தபோது வழியும் இருந்திருக்கிறது.

அப்புறம் இந்தக் காத்திருப்பு. ஒரு கொத்தனாருக்காக மருத்துவரிடம் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். தூக்கமே வரவில்லை என்று வந்திருந்தார். முடிவு தெரியாமல் இரண்டரை ஆண்டுகள். அதுவரை வேலை செய்ய அனுமதியில்லை. “சும்மா உட்கார்ந்து சாப்பிடுறவன்னு பார்க்கிறாங்க. வேலை செய்யக் கூடாதுன்னு சொன்னதும் அவங்கதானே?” என்றார். மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். சுவர் கட்டத் தெரிந்த கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு அவரைச் சுமை என்று கணக்கெழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

முடிவு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணின் வழக்கும் எப்படி முடிந்ததோ. நேர்காணலுக்குப் பிறகு விண்ணப்பதாரரிடம் பேசக் கூடாது என்பதும் விதி. அன்று நான் வெளியே வந்தபோது அவர் லிஃப்டுக்காகக் காத்து நின்றிருந்தார். நான் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனேன்.