காலாவதியான ரேட்டிங்கை மீட்ட அனுபவம்: சர்க்யூட்டில் கரைந்த பணமும் வயல்மேல் தவறிய தேர்வும்

சென்ற சனிக்கிழமை பிற்பகல் தேர்வாளர் என் விமானி உரிமத்தில் புதிய காலாவதித் தேதியை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். 2020 பிப்ரவரியில் கடைசியாகப் பறந்தவன், 2021 மே மாதத்தில் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டும் தகுதிப் பதிவான ரேட்டிங்கைக் காலாவதியாக விட்டவன், மூன்றாண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு மீண்டும் பறக்கும் தகுதியைப் பெற்றிருக்கிறேன். வானில் நடக்கும் தேர்வின் முதல் முயற்சியில், அவசரநிலைகளுக்கான ஐந்தாம் பிரிவில் தவறி, மூன்று வாரம் கழித்து அந்தப் பிரிவை மட்டும் மறுபடி செய்து தேறினேன். பிரிட்டனில் என்னைப் போல் ரேட்டிங்கைத் தொலைத்துவிட்டு, இன்றைய வாடகையைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்களுக்காக, நினைவு மங்குவதற்குள் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 2020 மார்ச் 23 அன்று முடக்கம் அறிவிக்கப்பட்டதும் பொழுதுபோக்குப் பறத்தல் நின்றது. கோடையில் மீண்டும் வாய்ப்பு வந்தபோது வேலை நிச்சயமில்லாத நிலையில் நான் போகவில்லை. 2021 மார்ச் 29 அன்று மீண்டும் தளர்வு வந்தபோது மனத்தில் துணிவில்லை. துணிவு வந்தபோது விலை ஏறிவிட்டது. 2019இல் மணிக்கு 155 பவுண்டு கொடுத்து நான் ஓட்டிய பைப்பர் வாரியர் என்னும் அதே சிறு விமானத்துக்கு, இந்த வசந்தத்தில் 219 பவுண்டு கேட்டார்கள். பயிற்றுநரும் உடன் வந்தால் 250. 2022இல் எரிபொருள் விலை உயர்ந்தபோது எங்கள் பறத்தல் பள்ளி ஒரே ஆண்டில் இருமுறை கட்டணத்தைக் கூட்டியதாகப் பழைய உறுப்பினர் ஒருவர் சொன்னார். எஞ்சின் ஓடும் நேரம் முழுவதற்கும் கட்டணம் என்பதால், ஓடுபாதை முனையில் வேறொருவர் தரையிறங்கக் காத்திருக்கும் நான்கு நிமிடத்துக்கும் ஏறத்தாழ 15 பவுண்டு போகிறது.

இந்தக் கணக்குத்தான் என்னைத் தவறான வழியில் கொண்டுபோனது. தரையிறக்கம்தான் கையை விட்டுப் போயிருக்கும் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன். சர்க்யூட்டில், அதாவது ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்குவதில், ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுத் தரையிறக்கம் கிடைக்கும். பயிற்சிப் பகுதிக்குப் போனாலோ போக வர அரை மணி நேரம் வெறும் பயணத்தில் கழியும். ஆகவே தேர்வுக்கு முன் எடுத்த ஐந்து மணி நேரத்தில் நான்கைச் சர்க்யூட்டில் செலவிட்டேன். அது ஆயிரம் பவுண்டு. உண்மையில் மூன்றாவது தரையிறக்கத்திலேயே கண்ணும் கையும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. மீதி எல்லாம் எனக்கு இன்பமாக இருந்தது, அவ்வளவே. தேர்வில் தரையிறக்கத்துக்கான நான்காம் பிரிவில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும்.

தவறிய இடம், எஞ்சின் நின்றுவிட்டதாகக் கொண்டு வயலில் இறங்கப் பார்க்கும் கட்டாயத் தரையிறக்கம். தென்கிழக்கு இங்கிலாந்தில் அனுமதியின்றி நுழையக் கூடாத லண்டன் கட்டுப்பாட்டு வான்பரப்பின் அடித்தளம் பல இடங்களில் 2,500 அடிதான். தேர்வாளர் எஞ்சின் விசையைக் குறைக்க த்ராட்டில் நெம்புகோலை இழுத்தபோது நாங்கள் 2,300 அடியில் இருந்தோம். வாரியர் தன் சிறந்த சறுக்கு வேகமான 73 நாட் (மணிக்கு 73 கடல்மைல்) வேகத்தில் இறங்கும்போது அந்த உயரம் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான் வேகத்தைப் பிடித்தேன், கை அழுத்தமின்றி அந்த வேகம் நிற்கும்படி ட்ரிம் செய்தேன், கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் காக்கும் கார்ப் ஹீட்டைப் போட்டேன், இடப்பக்கம் ஒரு நல்ல வயலையும் தேர்ந்தேன். அதுவரை எல்லாம் சரியாக இருந்தது. அடுத்து, எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் ஃப்யூல் செலக்டரைத் தொட்டு, டேங்கை மாற்றுவதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாரியரில் அது விமானியின் இடது முழங்காலுக்கு அருகே, பக்கச் சுவரில் இருக்கிறது. இடக்கை விமானத்தைத் திருப்பும் பிடியான யோக்கைப் பிடித்திருந்தது. வலக்கையைக் கொண்டு அதை எட்ட முடியாது. யோக்கை வலக்கைக்கு மாற்றிவிட்டு இடக்கையைக் கீழே இறக்க வேண்டும் என்ற சிறு விஷயம் மூன்றாண்டில் கையிலிருந்து மறைந்துவிட்டது. குனிந்து பார்த்தேன், செலக்டர் எங்கே என்று கண் தேடியது. மூக்கு தாழ்ந்து வேகம் 85க்குப் போனது. நிமிர்ந்தபோது வயல் இறக்கைக்குப் பின்னே போயிருந்தது. காற்றுக்கு எதிராகத் திரும்பியபோது நாங்கள் தாழ்ந்துவிட்டோம். வயலுக்கு முன்னிருந்த வேலியைத் தாண்டியிருக்க மாட்டோம். தேர்வாளர் ஏறச் சொன்னார். ஒரு பயிற்சியை ஒருமுறை திரும்பச் செய்ய அனுமதிக்கும் உரிமை அவருக்கு உண்டு, அனுமதித்தார். இரண்டாம் முறை பதற்றத்தில் டேங்கைப் பற்றிய பேச்சையே மறந்தேன். அதில் அவருடைய தவறு எதுவும் இல்லை.

ஒரு பிரிவில் மட்டும் தவறினால் அந்தப் பிரிவை மட்டும் மறுபடி செய்தால் போதும், இரண்டில் தவறினால் முழுத் தேர்வும் திரும்ப வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த விதிதான் என்னைக் காப்பாற்றியது.

இடைப்பட்ட மூன்று வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் பறந்தேன். மீதிப் பயிற்சி சாப்பாட்டு மேசை நாற்காலியில் நடந்தது. இடது முழங்காலுக்குப் பக்கத்தில் நாற்காலிக் காலில் ஒட்டுத்தாள் ஒட்டி அதைச் செலக்டராகக் கொண்டேன். எதிர்ச் சுவரிலிருந்த நாட்காட்டி வயல். கண்ணை நாட்காட்டியிலிருந்து எடுக்காமல் யோக்கைக் கைமாற்றி, செலக்டர், எரிபொருள் பம்ப், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை), மேக்னெட்டோ (தீப்பொறி தரும் கருவி), பிறகு மேடே என்னும் ஆபத்து அழைப்பு என்று தினமும் இரவில் இருபது முறை, வாய்விட்டுச் சொன்னேன். முதல் நாள் அரை நிமிடம் ஆனது. இரண்டாம் வார முடிவில் பதினோரு நொடி. மறுதேர்வில் கை தானாகப் போனது, கண் வயலிலேயே இருந்தது. ஒரு பென்னியும் செலவில்லாத இந்தப் பயிற்சியை முதலிலேயே செய்திருந்தால் மறுதேர்வுக் கட்டணமும் அன்றைய வாடகையும் மிஞ்சியிருக்கும். எழுதிவைத்து, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவது என் இயல்பு. பறந்து பறந்தே கற்பவர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம், ஆனாலும் ஒரு வாரமாவது செய்து பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்:

- ஐந்து மணி நேரம் எடுப்பதானால் ஒன்றரை மணி சர்க்யூட்டுக்குப் போதும். குறைந்தது இரண்டு மணியைக் கட்டாயத் தரையிறக்கத்துக்கு ஒதுக்குங்கள். அதையும் 3,000 அடியிலிருந்து தொடங்காமல் உங்கள் பகுதியில் உண்மையில் பறக்கும் உயரத்திலிருந்து செய்யுங்கள்.
- நீண்ட சறுக்கலில் இடையிடையே த்ராட்டிலைத் திறந்து எஞ்சினைச் சூடாக்க மறக்க வேண்டாம். என் பயிற்றுநர் ஒவ்வொரு 500 அடிக்கும் கேட்டார்.
- நிறுத்திவைத்த விமானத்தில் அமர்ந்து பழக அனுமதி கேளுங்கள். எங்கள் பள்ளியில் மழை நாளில் இலவசமாகவே விட்டார்கள்.
- வான்பரப்பு மாறியிருக்கிறது. லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள ஃபார்ன்பரோ விமான நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு வான்பரப்பு 2020 பிப்ரவரி 27 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முடக்கத்துக்கு முன் அதைப் பயன்படுத்தி அறிய எங்களில் பலருக்கு ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை. பழைய வரைபடத்தைத் தூக்கி எறியுங்கள். கட்டுப்பாட்டு எல்லைக்கு அருகே போகும்போது அந்தந்தப் பகுதிக்குரிய கண்காணிப்புக் குறியீட்டை, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் இட்டு, அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருங்கள். ஸ்கைவே கோட் என்னும் கையேட்டை விமானப் போக்குவரத்து ஆணையம் இலவசமாகவே தருகிறது.
- உடற்தகுதிக்கு, பிரிட்டனுக்குள் 2,000 கிலோவுக்கு மேற்படாத விமானம் ஓட்டுவதானால், நிபந்தனைகளுக்குள் வருபவர்கள் இணையவழியில் சுய அறிவிப்புக் கொடுத்தால் போதும். பிரான்ஸுக்குப் பறக்கும் எண்ணமிருந்தால் மருத்துவச் சான்று வேண்டும்.
- அடுத்த முறை தேர்வே வேண்டாம் என்றால், நான் தேறியபோதிருந்த விதிப்படி ரேட்டிங்கின் கடைசி 12 மாதத்தில் 12 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 6 மணி தலைமை விமானியாக, 12 முறை ஏறி இறங்கி, ஒரு மணி பயிற்றுநருடன். இன்றைய விலையில் எனக்கு அது 2,600 பவுண்டுக்கு மேல் வரும். ஆகவே மாதம் ஒரு மணி என்று இப்போதே பதிவுசெய்துவிட்டேன், இரண்டு நண்பர்களுடன் செலவைப் பங்கிட்டுக்கொண்டு. விமானியும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும், லாபம் கூடாது என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.
- நாற்காலிக் காலில் ஒட்டிய தாளை நான் இன்னும் எடுக்கவில்லை. ஞாயிறு இரவுகளில் ஐந்து முறை சொல்லிப் பார்க்கிறேன்.