தசமபாக லெட்ஜரும் இலை பில்லும்

சபை ஆபீசில் கணக்கு எழுதினேன் என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையைக் கொட்டி எண்ணியிருப்பேன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு அரை மணி நேரம் போதும். இரண்டு மூப்பர்கள் உட்கார்ந்து எண்ணுவார்கள், நான் சீட்டில் எழுதுவேன், திங்கட்கிழமை பேங்கில் கட்டுவோம். மீதி நாளெல்லாம் நான் பார்த்த வேலை ஆட்களைப் பற்றியது. யார் கொடுத்தார், யார் குறைத்தார், யார் இந்த மாதம் கவரே போடவில்லை.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டிய சரிவில் இருந்த, எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத தனிச்சபை அது. பெயர் வேண்டாம். ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். என் இருபதுகளில் பெரும்பகுதி அந்த ஆபீசிலேயே போனது. வெளியே வந்தபின் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன், இன்றுவரை அங்கேதான். முன்னால் சபையில் பார்த்த பெயர்களையே மறுபடி இங்கேயும் லெட்ஜரில் பார்க்கிறேன். அதனால் வந்த யோசனைகள்தான் இவை.

சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் போட்ட கவர். கவர்மேல் மூன்று வரி: மாதம், வருமானம், தசமபாகம், அதாவது வருமானத்தில் சபைக்குக் கொடுக்கவேண்டிய பத்தில் ஒரு பங்கு. வருமானம் என்ற அந்த நடு வரியைக் கவனியுங்கள். கொடுப்பதை மட்டும் எழுதினால் போதாது, வந்ததையும் எழுதவேண்டும். பச்சை அட்டை போட்ட நீள லெட்ஜரில் குடும்பத்துக்கு ஒரு பக்கம். பத்தாம் தேதி வாக்கில், முந்தைய மாதத்தைவிடக் குறைந்திருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தனித்தாளில் பட்டியல் எழுதி ஐயாவின், அதாவது எங்கள் பாஸ்டரின், மேசைக்கு அனுப்புவேன். அந்த வாரத்து வீடு சந்திப்புகள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் நடக்கும்.

சந்திப்பில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "ஜெப ஜீவியம் எப்படி இருக்கு? வீட்டுல சமாதானம் இருக்கா?" என்றுதான் ஐயா ஆரம்பிப்பார். கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்தில் யாருக்குத்தான் சமாதானம் இருக்கும்? அந்த அம்மா அழுதுவிடுவார். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்து, "நாங்க யாருகிட்டயும் சொல்லல, ஆனா ஐயாவுக்குக் கர்த்தர் காட்டிக் கொடுத்துட்டார்" என்பார். சபை முழுக்க ஸ்தோத்திரம் முழங்கும். பின் வரிசையில் நானும் ஸ்தோத்திரம் சொல்வேன். காட்டிக் கொடுத்தது சிவப்புப் பேனா என்பது எனக்குத் தெரியும்தான். ஆனால் அந்தப் பேனாவையும் கர்த்தர் பயன்படுத்துகிறார் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். உள்ளே இருக்கும்போது விளக்கத்துக்குப் பஞ்சமே இருக்காது.

வெள்ளிக்கிழமை ஊழியர்களுக்கு உபவாச ஜெபம். ஜெபம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரத்துக் குறைகளை ஒவ்வொருவரும் அறிக்கையிட வேண்டும். முறுமுறுத்தது, ஐயா சொன்னதைக் கேட்டு முகம் சுளித்தது, உலகத்தார், அதாவது சபைக்கு வெளியே உள்ளவர்கள், வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டது. ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதுவே பெருமை என்ற பாவம். ஆகவே எல்லாரும் வியாழக்கிழமை இரவே ஏதாவது ஒன்றைத் தேடி வைத்துக்கொள்வோம், சிறியதாக, ஆனால் மிகச் சிறியதாகவும் இல்லாமல். சொன்னதெல்லாம் எங்கே போகும் என்றால், ஆறு மாதம் கழித்து நீங்கள் ஏதாவது கேள்வி கேட்கும் அன்று உங்கள் முன்னாலேயே திரும்பி வரும். பிற்பாடுதான் படித்தேன்: சீனாவில் மனமாற்றப் பயிற்சிக்கு ஆளாகி வெளியே வந்தவர்களிடம் பேசிய அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன், மனிதர்களை முழுக்கக் கட்டுக்குள் வைக்கும் இடங்களுக்கு எட்டு அடையாளங்களை 1961இல் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று இந்த ஓயாத அறிக்கையிடல். எங்கோ சிறைக்கூடத்தில் நடந்ததற்கும், குளிருக்கு ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு நாங்கள் பாய்விரித்து உட்கார்ந்திருந்த அறைக்கும் இவ்வளவு ஒற்றுமை இருக்கும் என்று நினைக்கவில்லை.

எங்களுக்கு மாதம் கொடுத்ததன் பெயர் அன்பின் காணிக்கை. அதிலும் தசமபாகம் உண்டு. பி.எஃப். இல்லை, லீவு கணக்கு இல்லை, நியமன உத்தரவு என்று ஒரு தாளும் இல்லை. பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்குப் போவதற்கும், பல் பிடுங்குவதற்கும், செல்போன் மாற்றுவதற்கும் ஐயாவிடமோ பாஸ்டரம்மாவிடமோ உத்தரவு வாங்க வேண்டும். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். கேட்கவேண்டும், அவ்வளவுதான். மறுக்கவே மாட்டார்கள் என்றாலும் கேட்டுக் கேட்டுப் பழகியவருக்கு, கேட்காமல் ஒரு காரியம் செய்ய நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

இவ்வளவும் தெரிந்து ஏன் இருந்தாய் என்று கேட்கிறவர்களுக்கு 2009 நவம்பரைச் சொல்வேன். அந்த மழையில் நீலகிரியில் இடமிடமாக மண் சரிந்தது, 40 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். ரோடு, ரயில் இரண்டும் அறுந்த அந்த நாட்களில் எங்கள் சபைக் கூடத்தில் இரவும் பகலும் அடுப்பு எரிந்தது. ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கஞ்சி ஊற்றினார். யார் எந்த மதம் என்று கேட்கவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன், இன்றும் மறுக்க மாட்டேன். எங்கள் சபையில் பாதிப் பேர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த தோட்டத்துக் குடும்பங்கள். என் அப்பா வழியும் அதுதான். வந்த இடத்தில் சிலோன்காரன் என்றே கூப்பிடப்பட்டவர்களைப் பேர் சொல்லி, "பிரதர்" என்று கையைப் பிடித்து முன் வரிசையில் உட்கார வைத்த இடம் அது. நோய்க்குத் துணை, பிரசவத்துக்குத் துணை, சாவுக்குப் பெட்டி. இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் மிரட்டலை மட்டும் சொன்னால், அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஏமாளிகள் போலத் தெரியும். அப்படி இல்லை.

மலையில் பழைய சபைகளும் உண்டு. கேத்தியில் பாசல் மிஷன் 1846இலேயே வந்துவிட்டது. இன்றைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் சண்டைக்குக் குறைவில்லை, கமிட்டித் தேர்தல் என்றால் பஞ்சாயத்துத் தேர்தல் தோற்றுப்போகும். ஆனாலும் ஆயருக்கு இடமாற்றம் உண்டு, கணக்கைச் சபையில் வாசித்தாக வேண்டும், பிடிக்காதவன் எழுந்து கேட்பான். எங்கள் சபையில் ஐயாவுக்கு மேலே பரலோகம்தான். டிரஸ்டிகள் என்று கையெழுத்துப் போட்டவர்கள் பாஸ்டரம்மா, மகன், மருமகன். அந்தச் சண்டைகளைப் பார்த்து முன்பு சிரித்தேன். இப்போது அவ்வளவு சண்டை போட முடிகிறதே என்றுதான் தோன்றுகிறது.

நான் வெளியே வந்த கதையில் பெரிய நாடகம் எதுவும் இல்லை. தங்கைக்குக் கேத்தியில் ஒரு சி.எஸ்.ஐ. பையனைப் பேசி முடித்தோம். ஐயா அப்பாவைக் கூப்பிட்டு, இந்தக் காரியத்தில் கர்த்தருக்குச் சித்தமில்லை என்றார். வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத அப்பா, "சரிங்கய்யா, ஆனா பத்திரிகை அடிச்சாச்சுங்களே" என்றார். கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. போனேன். அடுத்த ஞாயிறு சபைமுன் எழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை பீரோ சாவியையும் லெட்ஜரையும் ஒப்படைத்து, ஒரு ராஜினாமாக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் பார்த்த பிரதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிஸ்டர், ஊழியத்துல ராஜினாமான்னு ஒண்ணு கிடையாது. பின்மாற்றம்தான் இருக்கு" என்றார். பின்மாற்றம் என்றால் விசுவாசத்தை விட்டு விலகிப்போவது. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, அவரிடம் அதைப் போட்டுவைக்க ஒரு ஃபைல்கூட இல்லை.

பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லவில்லை, தேமா என்று சொன்னார்களாம். உலகத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் போனவன் அவன். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. குன்னூரில் எந்தப் பக்கம் போவதென்றாலும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போகவேண்டும். என்னோடு வருடக்கணக்கில் ஒரே தட்டில் சாப்பிட்ட சிஸ்டர்கள், என்னைக் கண்டதும் பஸ் போர்டை ரொம்பக் கவனமாக வாசிப்பார்கள். மேட்டுப்பாளையம் என்ற ஒரு வார்த்தையை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

ஃபேக்டரியில் சேர்ந்த புதிதில் மேனேஜருக்கு என்னோடு பெரிய தொல்லை. ஒருநாள் லீவு கேட்கப் போய், அம்மாவுக்கு என்ன உடம்பு, எந்த டாக்டர், ஏன் இன்றைக்கே போகவேண்டும் என்று நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, லெட்டரை டேபிள்ல வச்சுட்டுப் போயேன். உங்க வீட்டுக் கதை எனக்கு எதுக்கு?" என்றார். முகத்தில் அடித்தாற்போல இருந்தது. வீட்டுக்குப் போய் அழக்கூடச் செய்தேன், இவருக்கு நம்மேல் அக்கறையே இல்லையே என்று. அந்த அக்கறையின்மை எவ்வளவு பெரிய சௌகரியம் என்று புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. சம்பளச் சீட்டில் 12 சதவீதம் பி.எஃப். பிடித்திருந்ததைப் பார்த்து முதல் மாதம் நான் சந்தோஷப்பட்டதை, பிடித்தம் என்றாலே திட்டுகிற என் சக ஊழியர்கள் விநோதமாகப் பார்த்தார்கள்.

இப்போது லெட்ஜருக்கு வருகிறேன். எங்களுடையது சொந்தத் தோட்டம் இல்லாமல் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் ஃபேக்டரி. இலைக்கு டீ போர்டு மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கும், அதை வைத்து பில் போடுவோம். என் முதல் வருடத்து இலை லெட்ஜரைப் புரட்டியபோது பழகிய பெயர்களாக வந்தன. கவர் நம்பர்கூட எனக்கு மனப்பாடம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் பனி கொழுந்தைக் கருக்கிவிடும், இலை வரத்து படுத்துவிடும், விவசாயி வரவும் கூடவே படுக்கும். சபையில் நான் அதிகமாகச் சிவப்புப் புள்ளி வைத்த மாதங்கள் இவைதான். அந்த மாதங்களில்தான் பிரசங்கத்தில் வேதத்தின் மல்கியா மூன்றாம் அதிகாரம் வரும்: "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" ஆவிக்குரிய சோர்வு என்று ஐயா பிரசங்கித்தது, மலைக்கு வருடாவருடம் வரும் உறைபனி.

இன்னொன்று, பத்தில் ஒன்று என்பது எதில் பத்தில் ஒன்று? சபையில் பில் தொகையில் கணக்கிடச் சொல்வார்கள். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் கிலோ இலை, கிலோ 15 ரூபாய் என்று வையுங்கள். பில் 15,000. தசமபாகம் 1,500. பறிகூலி, உரம், மருந்து, வண்டி வாடகை எல்லாம் போய்க் கையில் 5,000 நின்றால், அந்த 1,500 கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கிலோவுக்கு 33 ரூபாய் 75 காசு வேண்டும் என்று 2023இல் விவசாயிகள் போராடியது சும்மா இல்லை. தோட்டத் தொழிலாளிக்கும் இதே கதைதான். சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்கிறது, தீபாவளிக்குமுன் அது கைக்கு வரும். அதற்கும் ஒரு தனிக் கவர் தயாராக இருக்கும். முதல் சம்பளம் என்றால் முதற்பலன், அது முழுசாக.

வேதத்தை நான் விடவில்லை. உபாகமம் 14ஆம் அதிகாரத்தை இப்போதுதான் நிதானமாக வாசித்தேன். தசமபாகத்தைக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு அங்கேயே சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை உன் ஊரிலேயே வை, லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிடட்டும் என்கிறது. அந்த ஆபீசில் இருந்த வருடங்களில் அந்த அதிகாரத்தில் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

போன வருடம் பில் கொடுக்கும் நாளில் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். சபைக்காரர். என்னோடு பேசக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் கம்பியைப் பார்த்துக்கொண்டே பில்லை வாங்கினார். போகவில்லை. பின்னால் நின்ற ஆள் நகர்ந்ததும், "சிஸ்டர்... இந்தக் கூலி, உரம் எல்லாம் கழிச்சு ஒரு கணக்குப் போட்டுத் தரமுடியுமா? தசமபாகத்துக்குக் காட்டணும்" என்றார்.

"கூலி எங்க புக்குல வராதுங்கய்யா. நீங்க எவ்வளவு கொடுத்தீங்கன்னு சொல்லுங்க" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். பறித்த பெண்களின் பெயர், கிலோ, கூலி, எல்லாம் பென்சிலில் சுத்தமாக எழுதியிருந்தார். கூட்டிக் கழித்து, ஒரு வெள்ளைத் தாளில் வரவு, செலவு, மீதி என்று எழுதி, மீதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். மூன்று முறை வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். ஐயா அதற்கு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் பில் நாளன்று அவருடன் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், கையில் டைரியோடு.